டைகர் யார் வீட்டு நாய்

1969 ஆகஸ்ட் 4

பள்ளிக்கூடம் லீவு விட்டு நாலைந்து நாளாகிறது. வேலை இல்லாவிட்டால் என் கை தானாக வேலை தேடிக்கொள்ளும். மாரிசாமி கணக்கப்பிள்ளையின் குடை மடுவத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு கை தேயிலைத் தூசியைக் கொட்டி, பழையபடி மடித்து வைத்தேன். இன்று வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் தூறல் விழுந்ததும் ஆள் குடையை விரித்தார். தலை, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் சாயம். கொழுந்து எடுக்கும் பெண்டுகள் இடுப்புப் படங்கை இறுக்கிக் கட்டுகிற சாக்கில் குனிந்து குனிந்து சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரிக்க முடியாது. காலையில் பேர் போடுகிறவர் அவர். சாயந்தரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவரும் அவரே.

பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன ராத்தல் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். டவுன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற ஸல்மாவுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துபோனது. "அப்ப காய்ச்சல் வந்தா?" என்று கேட்டாள். காய்ச்சல் வந்தால் பேர் வராது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5

சிரிப்பு போச்சு. அம்மாவை நாய் கடித்துவிட்டது.

வேலை முடிந்து, கணக்கப்பிள்ளை குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கம் விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். அவருடைய டைகர் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. பல் நன்றாக இறங்கியிருக்கிறது. டிஸ்பென்சர் ஐயா சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும், தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி, பதினாலு நாளைக்கு என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

"கடிச்ச நாயக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாக்கணும். அது நல்லா இருந்தா ஊசிய நிப்பாட்டிரலாம். ஓடிப்போச்சு, செத்துப்போச்சுன்னா பதினாலையும் போட்டே ஆகணும். யார் நாய் அங்கம்மா?"

நான் வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பாத்துச் சொல்றேங்க என்றாள்.

பொழுது சாயும்போது கணக்கப்பிள்ளை லயத்தில் எங்கள் காம்பராவுக்கே வந்துவிட்டார். நான் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. கையில் பேக்கரிப் பாண் ஒரு ராத்தல். போன வருஷம் கீழ்ப்பிரிவில் விசர்நாய் வந்ததிலிருந்து தொரையின் ஆர்டர் ஒன்று இருக்கிறது: லைசன்ஸ் இல்லாத நாயை வாச்சர் சுடுவான், உத்தியோகத்தர் யாராவது ஒளித்து வைத்திருந்தால் அவர் வேலைக்கும் வெடிதான். டைகருக்கு லைசன்ஸ் இல்லை.

"தெரு நாய்னு சொல்லிரு. நீ ஆஸ்பத்திரிக்குப் போற நாளெல்லாம் ஒனக்குப் பேர் போட்டுர்றேன். மலை ஏறாமலே பேர். வேற என்ன வேணும்?"

அம்மா பாணை வாங்கிக்கொண்டாள். அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் விழுவது ஒரே ஒரு பேர். அது விழாவிட்டால் என் பள்ளிக்கூடமும் கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் பங்குப் பாணை அம்மா பக்கமே தள்ளி வைத்தேன்.

இன்றிலிருந்து அந்த ஆளுக்கு 'அவர்' கிடையாது. அவன்.

ஆகஸ்ட் 6

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யார் நாய் என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற அட்டெண்டன் அதையே தமிழில் கேட்டான். அம்மா சொன்னாள்: தெரு நாய், கடிச்சிட்டு ஓடிருச்சு.

ஊசியைப் பார்த்தேன். கோணி தைக்கலாம்.

திரும்பி வந்து லயத்தில் ஏறும்போது டைகர் குவார்ட்டர்ஸ் பக்கம் நின்று குரைத்தது. ஓடிப்போன நாய்க்கு நல்ல குரல்.

ஆகஸ்ட் 7

மறுபடி ஊசி. மறுபடி குரைப்பு.

ஆகஸ்ட் 9

ஊசி ஓசி. பஸ்ஸுக்குத்தான் காசு. எங்கள் சேவல் டிக்கெட்டாக மாறிவிட்டது. கொண்டக்டர் கிழித்துக் கொடுத்தபோது ஒரு இறகாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

அம்மாவின் வயிறு கட்டி கட்டியாக வீங்கியிருக்கிறது. பாவாடை நாடாவைக் கட்ட முடியவில்லை, கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். ஆனால் ஒன்று கவனித்தேன். ஊசி போட்ட பிறகு ஆஸ்பத்திரி பெஞ்சில் கொஞ்சநேரம் உட்காருகிறாள். பஸ் வரும்வரை கடைவீதியில் நடக்கிறாள். இன்று ஒரு புடவைக் கடை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளி, "வாங்க தங்கச்சி, பாக்கிறத்துக்குக் காசில்ல" என்று கூப்பிட்டார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாய் கடித்ததே நல்லது என்கிறமாதிரி.

பேர் மட்டும் சரியாக விழுகிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான். அதுதான் எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 11

தண்ணி பிடிக்கிற பீலியில் சண்டை.

நாங்கள் வைத்த குடத்தை ஜெயலெட்சுமி அக்கா காலால் தள்ளிவிட்டது. அடுத்த காம்பரா. எங்கள் வீட்டில் உப்பு இல்லாவிட்டால் அந்த அக்காவைத்தான் கேட்போம். இன்று கேட்காமலே நிறையக் கிடைத்தது.

"டவுனுல ஒலாத்திட்டு வாறவளுக்குத் தண்ணி எதுக்கு? எங்க ராத்தலத் திங்கிறியே, அது செமிக்கவா?"

அம்மா குடத்தை நிமிர்த்தி வைத்தாள். மற்ற பெண்டுகள் யாரும் குடத்தை நகர்த்தி இடம் விடவில்லை. நான் பேசினேன். பேசியது எல்லாவற்றையும் இங்கே எழுதினால் இந்தக் கொப்பியை ஸல்மாவிடம்கூடக் காட்ட முடியாது. அம்மா என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

எங்க ராத்தல்னா என்ன அர்த்தம்?

ஆகஸ்ட் 12

அர்த்தம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

சாயந்தரம் மடுவத்துக்கு எதிரே மதகில் உட்கார்ந்து, நிறுவையைப் பார்த்தேன். தராசில் கூடையை ஏற்றி, கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு கழித்துத்தான் கணக்கு எழுதுவான். அது வழக்கம். ஆனால் இன்று முழுக்க வெயில். கொழுந்து காய்ந்து சலசலக்கிறது. அதற்கும் ஈரக் கழிவு. ஒவ்வொரு கூடையிலும் வழக்கத்தைவிடக் கூடவே அடிக்கிறான். அழகர் மாமாவின் பெண்சாதிக்கு அரைப்பேர் ஆகிவிட்டது. அது தரையில் உட்கார்ந்து அழுதது.

கொழுந்து இல்லாமல் பேர் போட்டால் ஆபீஸில் இடிக்கும். அம்மா பேருக்கு நேரே ராத்தல் வேணும். அந்த ராத்தல் இவர்கள் கூடையிலிருந்து போகிறது.

அவன் நாய் கடிச்சதுக்கு அவன் காசில் ஒரு சதம் இறங்கவில்லை. லயமே சேர்ந்து கட்டுகிறது. கணக்கப்பிள்ளை இல்லை. கணக்குப்பிழை.

ஆகஸ்ட் 13

போயா. வேலைக்கு லீவு. ஊசிக்கு லீவு இல்லை.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கிறியா என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "வாய மூடிட்டு வா. ஊசி இன்னும் இருக்கு" என்றாள்.

தெரியும். தெரிஞ்சேதான்.

ஊசியே வேண்டாமே. நாய்தான் உயிரோடு இருக்கிறதே. தினம் நான் கேட்கிற குரைப்பை அந்த டாக்டரம்மா ஒரு தடவை கேட்டால் போதும்.

ஆகஸ்ட் 14

டைகருக்குக் கருவாட்டுத் தலை போட்டேன். கடித்த வாய்க்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். வாலை ஆட்டுகிறது. எசமான்போல இல்லை, நன்றி இருக்கிறது.

ஆகஸ்ட் 15

கை வலிக்கிறது, கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதியே தீரணும்.

வயிற்றுவலி என்று சொல்லி அம்மாவைத் தனியாக பஸ்ஸில் அனுப்பினேன். அவன் பெரட்டுக்குப் போன பிறகு, டைகரின் கழுத்தில் எங்கள் மாட்டுக்கயிற்றைக் கட்டினேன் (மாடு செத்துவிட்டது, கயிறு இருக்கிறது). பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து பதுளைவரை தண்டவாளத்து ஓரமாகவே நடந்தோம். கொழுந்து மலையில் நின்ற பெண்டுகள் எல்லாரும் பார்த்தார்கள். நான் ராணிமாதிரி கையை ஆட்டினேன். ஹாலிஎல வரும்போது டைகர் என்னை இழுக்கிறதா, நான் டைகரை இழுக்கிறேனா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டில் அட்டெண்டன் மறித்தான். சாட்சி கொண்டுவந்திருக்கேன் என்றேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா விறாந்தைக்கு வந்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டைகரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

இதுவா கடித்த நாய் என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்றாள்.

"இல்லன்னா பல்ல அளந்து பாருங்க டாக்டரம்மா. கால்ல அச்சு இருக்கு" என்றேன்.

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு குனிந்து டைகரின் வாயை, கண்ணை, நடையை எல்லாம் பார்த்தார். பத்து நாளும் இது நல்லாத்தான் தின்றதா, குடித்ததா என்று என்னைக் கேட்டார். நேற்றுக்கூடக் கருவாடு தின்றது என்றேன். அதற்குப் பிறகு அம்மாவை ஏசினார் பாருங்கள். சிங்களம் புரியாவிட்டாலும் ஏச்சு புரியும். இனி ஊசி வேண்டாம் என்றார். யார் நாய் என்று கேட்டதற்கு நானே சொன்னேன், பேரோடு.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா பஸ்ஸில் போனாள். நானும் டைகரும் நடந்தே திரும்பினோம்.

ஆகஸ்ட் 16

அம்மா அடித்தாள். விறகுக்கட்டையால். எனக்கு அது வலிக்கவில்லை. சொன்னதுதான்.

"ஊசி குத்துனது என் வயித்துல. ஒனக்கு எங்கடி வலிச்சிச்சு? கல்யாணமாகி வந்ததுலேருந்து காலம்பற பத்து மணிக்கு நான் ஒக்காந்ததே இல்ல. அந்த பெஞ்சுல ஒக்காந்தேன். அதுக்கும் சேத்து அவன் பேர் போட்டான். அதக் கெடுத்திட்டியேடி."

அடுத்தவங்க ராத்தல்தானே அதுன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. அம்மா அழுதுகிட்டிருந்துச்சு.

இத்தனை நாள் போட்ட பேரையும் அவன் வெட்டிவிட்டான். வேலைக்கு வராதவளுக்குப் பேர் எதுக்கு என்று பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்டானாம். இனாமாக ஒரு பேரும் போடாத உத்தமன்மாதிரி. அம்மாவால் எங்கே போய்ச் சொல்ல முடியும்? பொய்ப் பேரை வாங்கினேன் என்றா? பிடித்த ராத்தலையும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பாக்கியலெட்சுமி என்று எனக்குப் பேர் வைத்தார்கள். வீட்டுக்குக் கிடைத்தது பாக்கி மட்டும்தான்.

ஆகஸ்ட் 18

ஆபீஸில் விசாரணை. டாக்டரம்மா சொல்லி, சுகாதார இன்ஸ்பெக்டர் தோட்டத்துக்கே வந்துவிட்டார். தொரை நாற்காலியில். டைகர் கம்பத்தில். நானும் அம்மாவும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வாசலில் பெண்டுகள்.

காலையிலேயே அவன் ஒரு மிரட்டல் அனுப்பியிருந்தான்: நாயைத் திருடினேன் என்று என்னைப் பொலிசில் கொடுப்பானாம். அதையே பிடித்துக்கொண்டேன்.

"அவர் நாய்னா நான் திருடி, தொரை. அவர் நாய் இல்லன்னா நான் திருடி இல்ல. ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க."

தொரைக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வேர்த்தது. பிறகு சொன்னான், தன் நாயே இல்லையாம். பொலிஸும் வேண்டாமாம். இந்தப் புள்ளதான் லயத்தில் ஒளித்து வளர்த்தாளாம், அம்மாவைக் கடித்ததும் பயந்துபோய்த் தன் தலையில் கட்டுகிறார்களாம். மாரிசாமி இல்லை, மாறிச்சாமி.

தொரை வாசலைப் பார்த்து, யார் நாய் இது என்று கேட்டார். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கும் தராசைப் பிடிக்கப்போகிறவன் பக்கத்தில் நிற்கிறானே. கடைசியில் ஜெயலெட்சுமி அக்கா வாயைத் திறந்தது.

"யார் நாய்னு எனக்குத் தெரியாதுங்க. கயித்தப் புடிச்சிட்டுப் போனது இந்தப் புள்ளதான். மலையில நின்ன எல்லாரும் பாத்தோம்."

பொய் இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எரிகிறது. கருவாடு போட்டது நான். கயிறு எங்க மாட்டுக்கயிறு. ராணிமாதிரி கையை ஆட்டியதும் நான்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எங்க நாய்தாங்க" என்றாள்.

நான் பேச எழும்பினேன். அம்மா என் காலை மிதித்தாள். புண் இருந்த காலாலேயே.

தீர்ப்பு: லைசன்ஸ் காசை அம்மா கட்டணும். கட்டினால் நாயை வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பேர் கிடையாது, சொந்த நாய் கடித்ததற்குத் தோட்டம் பொறுப்பில்லை. ஆக, கடிபட்டவள் அம்மா, ஊசி குத்தியது அம்மாவுக்கு, காசும் அம்மாவே.

ஆகஸ்ட் 19

லைசன்ஸுக்கு அம்மா மண்வெட்டியை விற்றாள். டைகர் எங்கள் வாசலில் கட்டிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 21

ஒரு நல்ல விஷயம் கண்டுபிடித்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டால் டைகர் நேராக அவனிடம்தான் ஓடுகிறது.

இன்று காலைப் பெரட்டு நேரம் அவிழ்த்துவிட்டேன். கூட்டத்துக்குள் புகுந்து அவன் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் "சீ, போ" என்று காலை உதறினான். அது விளையாட்டு என்று நினைத்துச் செருப்பைக் கவ்வியது. பெண்டுகள் மறுபடி படங்கை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

நாளைக்கும் அவிழ்ப்பேன். தினமும் அவிழ்ப்பேன்.

ஆகஸ்ட் 24

இன்று கல்லெடுத்து எறிந்தான். முதல் கல் படவில்லை. இரண்டாவது முதுகில் பட்டது. டைகர் கத்திக்கொண்டு ஓடி, கொஞ்ச தூரம் போய், திரும்பி நின்று, மறுபடி வாலை ஆட்டிக்கொண்டே அவனிடம் போனது. மறுபடி எறிந்தான்.

எறியட்டும். எறிஞ்சே ஆகணும் அவன். எறியலன்னா அவன் நாய்.

ஆகஸ்ட் 25

அம்மா ஒரு வாரம் கழித்து என்னிடம் வாயைத் திறந்தாள். அதுவும் நாய்க்காக.

"அது சோறு போட்டவனத் தேடிப் போவுது. நீ கல்லடி வாங்க அனுப்பிறே. அவனவிட நீ எதுல கொறச்சல்?"

பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டேன்.

ஆகஸ்ட் 26

அவிழ்த்தேன். அம்மா மேல உள்ள கோவத்துல.

ஆகஸ்ட் 28



சாயந்தரம் மடுவம். கொழுந்து நிறுவை. நான்தான் அவிழ்த்துவிட்டேன். தொரை வந்திருக்கிறார் என்று தெரிந்தே அவிழ்த்தேன். அவன் தராசடியில் நின்றதால் டைகர் பக்கத்தில் போகவில்லை. கல்லுக்குப் பயம். கொஞ்சம் தள்ளி, நின்றிருந்த கொழுந்து லொறிக்குப் பின்னால், டயருக்கு அடியிலேயே நிழலில் படுத்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

லொறி பின்னால் வர ஆரம்பித்தது. நான் பார்த்தேன். என் வாய், எப்போதும் மூடத் தெரியாத இந்த வாய், திறக்கவில்லை.

அவன்தான் கத்தினான். தராசை விட்டான், கூடையைக் காலால் உதைத்துக்கொண்டு ஓடினான்.

"டைகர்... எந்திரிடா மகனே, எந்திரி, வா அப்பாகிட்ட."

டைகர் துள்ளி அவன் மேலேயே விழுந்தது. டயர் அது படுத்திருந்த இடத்துக்கு மேல் ஏறி நின்றது. அவன் மண்ணில் உட்கார்ந்து, கல்பட்ட முதுகைத் தடவினான். நாய் அவன் மீசையை நக்கியது. கொழுந்து சிந்திக் கிடந்தது. தொரை கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"யார் நாய் இது, கணக்கப்பிள்ளை?"

அவன் தலையைத் தூக்கவில்லை. நாயை விடவும் இல்லை.

இந்தத் தடவை சிரிப்பதற்கு யாரும் படங்கைக் கட்டவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. லொறிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் இன்று அவன் கத்தாவிட்டால் கொன்றது நான்.

ஆகஸ்ட் 30

அவனை மேல்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை. சட்டிபானையோடு லொறியில் ஏறினான், டைகரும் ஏறியது. அம்மா மாட்டுக்கயிற்றைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 3

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. நான் போகவில்லை. பஸ் காசு இல்லை.

செப்டம்பர் 10

சம்பளம்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கும், பஸ்ஸுக்கும், லைசன்ஸுக்கும் சேர்த்து அவன் சம்பளத்தில் வெட்டி அம்மா கையில் கொடுத்தார்கள். நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகலாம். பெண்டுகளுக்குப் பிடித்த ராத்தலைப்பற்றி யாரும் கேட்கவில்லை. ஆபீஸ் கணக்கில் அது அம்மா எடுத்த கொழுந்தாகவே இருந்து, பேரோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அது இனி யாருக்கும் வராது.

சாயந்தரம் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். நிறுவைக்குப் போகிற வழியில் பெண்டுகள் கூடையை இறக்கி வைத்து நின்றார்கள். அம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி அழகர் மாமா பெண்சாதி கூடையில் போட்டாள். அப்புறம் அடுத்த கூடை. அப்புறம் ஜெயலெட்சுமி அக்கா கூடை. நேற்றும் இப்படித்தானாம், முந்தாநாளும் இப்படித்தானாம். அம்மாவுக்கு இரண்டு நாளும் அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது. என்னிடம் சொல்லவே இல்லை.

ஜெயலெட்சுமி அக்கா கூடைக்குள்ளே பார்த்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் போட்ட கொழுந்தை எடுத்து வெளியே கொட்டவும் இல்லை. கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தது.